தலைக்கு மேல ஃபேன் சுத்துது, டீச்சரம்மா

வாங்க டீச்சரம்மா, திண்ணையில ஒக்காருங்க. பஸ்ஸு வர நேரமாவும். அதுக்குள்ள இந்தக் கெழவன் ரெண்டு வார்த்த சொல்றேன், கேட்டுக்கங்க. புடிக்கலன்னா பஸ்ஸு ஏறினதும் கண்டக்டர்கிட்ட சில்லறையோட சேத்துக் குடுத்துடுங்க, அவரு எங்கியாச்சும் செலவழிச்சிக்குவாரு.

நேத்து பேரனுக்கு இருமல் மருந்து குடுக்க வந்தப்போ சன்னலோரமா நின்னு உங்க பாடத்தப் பாத்தேன். ஒட்டுக் கேட்டேன்னு வெச்சிக்கிட்டாலும் சரிதான். அட்டையில படம் வெட்டி, கலரடிச்சி, மேல பிளாஸ்டிக் ஒட்டி, ஒவ்வொண்ணாத் தூக்கிக் காட்டுனீங்க. ‘ஃபேன்’னீங்க. புள்ளைங்க அத்தினியும் கூரையப் பாத்துதுங்க. அங்க ஒரு ஃபேனு கடகடன்னு சுத்திக்கிட்டு இருந்திச்சி. நீங்க மேசையத் தட்டி, ‘அங்க என்னா பார்வ, கார்டப் பாரு’ன்னீங்க. அடுத்தது சேரு. நீங்க ஒக்காந்திருந்ததே ஒரு சேருதான். அதுக்கடுத்தது கதவு. என் பேரன் கதவாண்ட குந்தி, கதவுலயே முதுகச் சாச்சிக்கிட்டு, உங்க கையில இருக்கற கதவப் பாத்து ‘டோர்’னு தொண்ட கிழியக் கத்துறான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்திச்சி. சத்துணவு ஆயா பாத்துடப் போவுதேன்னு துண்ட வாயில வெச்சி அடக்கிக்கிட்டேன்.

நல்ல பாடம். அப்பிடியே நடத்துங்க. நெசப் பொருள மட்டும் பாடத்துக்குள்ள வுட்டுடாதீங்க, அது வம்பு. நெச ஃபேனக் காட்டுனா ‘போடு, நிறுத்து, மெதுவா வை’ன்னு புள்ளைங்க பேச ஆரம்பிச்சிடும். அட்ட ஃபேனு சமத்து. சுத்தாது, கரண்ட்டு கேக்காது, ஆபீசரு வந்தாலும் செவுத்துல அழகாத் தொங்கும்.

நான் திட்டத்தக் கொற சொல்லல. 2022-ல எண்ணும் எழுத்தும் வந்திச்சி. மொதல்ல ஒண்ணாப்புலேருந்து மூணாப்பு வரைக்கும் தமிழு, இங்கிலீஷு, கணக்கு மூணையும் அரும்பு, மொட்டு, மலர்னு புள்ளையோட தெறனப் பாத்துப் பிரிச்சி, பாட்டும் பொம்மையும் வெளையாட்டுமா நடத்துன்னாங்க. நல்ல யோசனதான். ஆனா பொம்ம செய்யறதுலயே ராத்திரி பூரா ஃபெவிகாலும் கையுமா ஒக்காந்தா, காலையில புள்ளகிட்டப் பேச உங்களுக்குத் தெம்பு எங்கேருந்து வரும்?

எட்டாப்புப் படிச்ச கெழவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு பாக்கறீங்களா? சிதம்பரத்துல அண்ணாமலை யுனிவர்சிட்டி லைப்ரரியில அட்டெண்டரா இருந்து ரிட்டேர் ஆனவன் நான். ஏணி மேல ஏறி புக்கு எடுத்துக் குடுக்கறவன் மேல தூசி மட்டுந்தான் ஒட்டும்னு புரொபசருங்க நெனப்பு. அவங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள, எடுத்து வெச்ச புக்க நான் ஒரு பொரட்டு பொரட்டிடுவேன். புரியாதத அவங்ககிட்டயே கேப்பேன். செல நேரம் அவங்களுக்கும் புரியலங்கறது அப்பத்தான் தெரியவரும்.

அப்பிடிப் பொரட்டினதுல ஒண்ணு சொல்றேன். நம்ம கடலூருக்கு இங்கிலீஷு வந்த கத தெரியுமா? 1690-ல தேவனாம்பட்டினத்துக் கோட்டைய மராட்டியர்கிட்டேருந்து இங்கிலீஷு கம்பெனிக்காரன் வெலைக்கு வாங்கினான். மெட்ராஸுல அப்போ கவர்னரா இருந்தவரு எலிஹு யேலு. அமெரிக்காவுல பெரிய யுனிவர்சிட்டிக்கு வெச்சிருக்கறது அவரு பேருதான். கோட்டையோட, அங்கேருந்து சுட்டா பீரங்கிக் குண்டு போய் விழற தூரம் வரைக்கும் இருக்கற ஊருங்களும் சேத்தின்னு பேச்சு. இருக்கறதுலயே நல்லா சுடறவனாப் பாத்து சுடவுட்டானுங்க. எல்லைக்குள்ள மாட்டின ஊருக்கெல்லாம் குண்டு கிராமம்னு பேரு வந்திச்சி. அன்னிக்குச் சுட்டது இன்னும் நிக்கல டீச்சரம்மா. வருசா வருசம் ஜூன் மாசம் ஆச்சின்னா ஒண்ணாப்புப் புள்ளைங்க தலையில ‘ஏ ஃபார் ஆப்பிள்’னு வந்து விழுது.

எங்க காலத்துல அட்ட கூட கெடையாது. சாரு ஒரு கையில புஸ்தகத்தத் தூக்கி ‘திஸ் ஈஸ் எ புக்’ம்பாரு. நாங்களும் கோரஸா சொல்லுவோம். தூரத்து மேசையக் காட்டி ‘தட் ஈஸ் எ டேபிள்’ம்பாரு. அது மேசைன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச விசயத்த இந்த மனுசன் எதுக்கு இத்தினி சத்தமாச் சொல்றாருன்னுதான் தெரியாது. லைப்ரரிக்குப் போன பின்னாலதான் அதுக்கு வெவரம் கெடச்சிது. வாக்கியத்துக்கு ஒரு அச்சு வார்த்து வெச்சிக்கிட்டு, அதுல வார்த்தைய மாத்தி மாத்திப் போடணும்; அதான் அப்போ புதுமொற. 1960-ஐ ஒட்டி மெட்ராஸ் ஸ்டேட்டுல ஆரம்ப இங்கிலீஷு நடத்தற 27,000 வாத்தியாருங்களுக்கு அந்த மொறையில மறுபயிற்சி குடுக்கக் கெளம்பினாங்க. மொதல்ல கொஞ்சம் பேருக்குச் சொல்லிக் குடுப்பாங்க, அவங்க போயி இன்னும் கொஞ்சம் பேருக்குச் சொல்லிக் குடுப்பாங்க, அப்பிடியே உருண்டு உருண்டு பெருசாவணும். அதுக்குப் பேரு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’. டி.ஏ.ஸ்மித்துன்னு ஒருத்தரு 1962-ல சீமையில வர்ற இங்கிலீஷு வாத்தியாருங்க பத்திரிகையில இதப் பத்தி எழுதியிருக்காரு.

பனிப்பந்தாம்! நம்ம ஊரு மார்கழிப் பனிய உருட்டிப் பாருங்க, கைதான் நனையும். உருண்டு உருண்டு எங்க சாரு வரைக்கும் வந்து சேந்தப்போ ‘திஸ் ஈஸ் எ புக்’ மட்டுந்தான் மிச்சம் இருந்திச்சி. அவரு மேல தப்பில்ல. திட்டம் போட்டவங்களையும் முழுசா திட்ட முடியாது. இலக்கணத்த உருப்போட்டுக்கிட்டு இருந்த புள்ளைங்கள வாயத் தொறக்க வெச்ச புண்ணியம் அவங்களுக்கு உண்டு. ஆனா பதிலத் தெரிஞ்சி வெச்சிக்கிட்டே கேள்வி கேக்கற சீக்கு நல்லா வேரூன்றினது அங்கதான். பேனாவத் தூக்கிக் காட்டி ‘வாட் ஈஸ் திஸ்?’னு கேக்கறீங்க. வூட்ல யாராச்சும் அப்பிடிக் கேப்பாங்களா? எங்க வூட்டுக் கெழவி ஒரு நாளு சொம்பத் தூக்கிக் காட்டி ‘இது என்னா?’ன்னு கேட்டாள்னா, நான் பதிலா சொல்லுவேன்? கடலூரு பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ புடிப்பேன்.

படம் காட்டறதும் நேத்து வந்த சங்கதி இல்ல. 1658-லயே கொமேனியஸுன்னு ஒரு பாதிரியாரு, புள்ளைங்களுக்கு வார்த்த சொல்லிக் குடுக்க பக்கத்துக்குப் பக்கம் படம் போட்டு ஒரு புஸ்தகம் அச்சடிச்சிட்டாரு. லத்தீனு ஒரு பக்கம், ஜெர்மன் ஒரு பக்கம், மேல மரத்துல செதுக்கின படம். அவரே இன்னொரு புஸ்தகத்துல தெளிவாச் சொல்லிட்டாரு: மொதல்ல பொருளக் காட்டு, பொருளு கெடைக்கலன்னா படத்தக் காட்டு. திமிங்கிலத்த வகுப்புக்குக் கூட்டியார முடியாது, படம் காட்டுங்க, ஒத்துக்கறேன். கதவுக்கு எதுக்குங்க படம்?

கேம்பிரிட்ஜ்காரரு ஆக்டன் 1930-ல ஒரு கணக்குப் போட்டாரு. 850 வார்த்த இருந்தா இங்கிலீஷுல பொழைச்சிக்கலாம்னு பட்டியல் எழுதினாரு. அதுல 200 வார்த்த படம் போட்டுக் காட்டக்கூடிய பொருளு. நான் அந்த எறநூறையும் உக்காந்து படிச்சேன். கையொற, நீட்டுக் காலொறன்னு குளுரு நாட்டுச் சாமானுங்க உண்டுதான். ஆனா வல இருக்கு, படகு இருக்கு, கொக்கி, மீனு, புழு, வாளி, பம்பு, பான, கூட, ஏரு, ஆடு, பாம்பு எல்லாம் இருக்கு. உப்பனாத்துல தூண்டி போடற புள்ளைக்கு வேண்டியத அந்தச் சீமைக்காரரு எழுதி வெச்சிட்டாரு. நம்ம செவுத்துல தொங்கற சார்ட்டுல என்னா இருக்கு? ஐ-க்கு இக்லூ. எக்ஸுக்கு சைலோஃபோனு. ஒய்-க்கு யாக்கு. யாக்கு நம்ம குடிகாட்டு ஊருக்கு வந்தா மொத நாளே வேர்த்துச் செத்துப்புடும்.

போன வாரம் பேரன் சைக்கிளு பஞ்சராயிடிச்சி. மெயின் ரோட்டுக் கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போனோம். கடக்காரத் தம்பி டயர நெம்பி ட்யூப வெளிய இழுத்தாரு. பேரன் கேக்காமயே பம்ப எடுத்து வால்வுல சொருகி நாலு அடி அடிச்சான். தம்பி ட்யூப தண்ணித் தொட்டியில அமுக்கி, கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பிக்கிட்டே வந்தாரு. ஒரு எடத்துல பொசுபொசுன்னு குமிழி. பேரன் சட்டுன்னு கட்டவெரல அதுமேல வெச்சி, ‘இங்கதாண்ணே லீக்கு, வால்வு நல்லாத்தான் இருக்கு’ங்கறான். தொடச்சி, உப்புத்தாளு போட்டுத் தேச்சி, சொலூஷனத் தடவி ஊதிக் காயவெச்சி, பேட்ச்ச ஒட்டினாங்க. ‘ஸ்பேனரு குடு’ன்னா ஸ்பேனரக் குடுக்கறான். ‘அந்த நட்டு இல்லடா, சின்ன நட்டு’ன்னா மாத்திக் குடுக்கறான். செயினு, பெடலு, பிரேக்கு, பெல்லு, ஸ்டாண்டு, கேரியரு, மட்காடுன்னு ரெண்டு பேரும் பேசறத எண்ணிக்கிட்டே வந்தேன், கைவெரலு பத்தல. அத்தினியும் இங்கிலீஷு. ஒண்ணு கூட அட்டையில பாத்ததில்ல.

அன்னிக்குச் சாயங்காலமே அவன் டெஸ்ட்டு நோட்டப் பாத்தேன். ஆப்பிளுக்கு ஒரு ‘பி’ கொறைஞ்சிதுன்னு பெருக்கல் குறி போட்டிருந்தீங்க. போட வேண்டியதுதான், எழுத்துப் பெழ பெழதான். ஆனா அந்தப் புள்ள ஆப்பிளு தின்னது காச்சல் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தப்போ. அவனுக்கு அது பழம் இல்ல, ஊசிக்குக் கூட வர்ற சாமான்.

அதனால ஒரு தந்திரம் சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. இந்தப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷு தெரியும். வாலோட தெரியும். பஸ்ஸு, பல்பு, பக்கெட்டு, பேக்கு எல்லாத்துக்கும் கடைசியில ஒரு ‘உ’ ஒட்டிக்கிட்டு நிக்குது. நம்ம நாக்குக்கு ட்டன்னாவுலயும் ப்பன்னாவுலயும் வெடுக்குன்னு நிக்கத் தெரியாது, அதான் ஒரு உகரத்தப் போட்டு எறங்கிக்குது. அந்த வால நறுக்கினா பாதிப் பாடம் முடிஞ்சிது. நறுக்கறப்போ தப்புன்னு சொல்லாதீங்க. ‘ஒனக்கு முன்னாலயே தெரியும்டா கண்ணு, அவங்க கொஞ்சம் சுருக்காச் சொல்லுவாங்க, அவ்ளோதான்’னு சொல்லிப் பாருங்க. புதுசா எதயோ கத்துக்கறோம்னு பயந்து கெடக்கற புள்ள, ‘அட, நம்ம பக்கெட்டுதானா’ன்னு நிமிந்து ஒக்காரும்.

ஆனா நம்ம வூட்டு இங்கிலீஷு முழுசையும் நம்பிடவும் கூடாது. சில்வர் டம்ளர்ல தண்ணி குடிக்கறோம்னு வெள்ளக்காரன்கிட்ட சொன்னா, இவன் ஜமீன்தாரு போலன்னு நெனச்சிக்குவான். பீரோவுல துணி இருக்குன்னா ஆபீசுல எதுக்குத் துணின்னு முழிப்பான். சாவி, சன்னலு, அலமாரி மூணும் போர்ச்சுகீசுக்காரன் வுட்டுட்டுப் போனது. என் பேரன் அதயும் இங்கிலீஷுன்னு நெனச்சி ‘கிவ் மீ சாவி’ங்கறான். இந்த மாரி எடத்துலதான் நீங்க வேணும் டீச்சரம்மா. ஃபேனுக்கு நீங்க வேண்டாம்.

வாளின்னு சொன்னதும் ஞாவகம் வருது. 2004-ல நம்ம சிப்காட்டு ஃபேக்டரிங்களுக்குப் பக்கத்து ஊருக்காரங்க வாளியில காத்துப் புடிச்ச சங்கதி கேள்விப்பட்டிருக்கீங்களா? மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி, உள்ள ஒரு தனி மாரியான பையி, வெளிய ஒரு வால்வு. ஃபேக்டரி நாத்தம் வர்ற நேரம் பாத்து வாளிக்குள்ள இருக்கற காத்த பம்ப வெச்சி உறிஞ்சினா, வெளிக்காத்து வால்வு வழியா பையிக்குள்ள போயி நெறயும். மூடி கட்டி அமெரிக்காவுல இருக்கற லேபுக்கு அனுப்பினாங்க. அது பத்தி வந்த ரிப்போர்ட்டுக்குப் பேரே ‘கேஸ் ட்ரபிள்’. எந்த நாளு, என்னா நேரம், எது மாரி நாத்தம்னு நோட்டுல குறிச்சி வெச்சாங்க. அழுவின முட்ட மாரியா, நகத்துக்குப் பூசற பாலீசு மாரியான்னு மூக்க வெச்சித் தரம் பிரிச்சாங்க. பக்கெட், பேக், வால்வ், சாம்பிள், லேப் எல்லாம் ஊருக்காரங்க வாயில தானா வந்து ஒக்காந்திச்சி. யாரும் அட்ட வெட்டிக் காட்டல. தேவ வந்திச்சி, வார்த்த பின்னாலயே வந்திச்சி.

இன்னொண்ணு. உங்க நோட்டுல நாளைக்கி ‘சமையல்கட்டு’ன்னு எழுதி ஸ்பூன், ஃபோர்க், நைஃப், பிளேட், கப்பு எல்லாத்தையும் ஒரே நாளுக்குப் போட்டிருக்கீங்க. பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா டிங்கம்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு 1993-ல சோதிச்சிப் பாத்து எழுதினாரு: ஒரே கூட்டத்து வார்த்தைங்கள ஒண்ணாக் கொட்டினா ஒண்ண ஒண்ணு இடிச்சிக்கிட்டு, கத்துக்க நேரம் கூடுதலா ஆவுது. 1997-ல வேரிங்குன்னு இன்னொருத்தரு ஜப்பான்ல செஞ்சி பாத்தாரு, அங்கயும் அதே கததான். ஸ்பூனக் கேட்டா ஃபோர்க்குங்கும், ஃபோர்க்கக் கேட்டா நைஃபுங்கும். அதும் நம்ம புள்ள ஃபோர்க்க எங்க பாத்திச்சி? ஒரு சம்பவத்துக்குள்ள வர்ற வார்த்தைங்களச் சேத்துக் குடுத்தா தாவலன்னு அதே டிங்கம் பின்னால சொன்னாரு. பஞ்சர் கடையில நான் பாத்ததும் அதானே? ட்யூபு, தண்ணி, ஓட்ட, பம்பு. ஒண்ணு மாரி ஒண்ணு இல்ல, ஆனா ஒண்ணு இல்லாம ஒண்ணுக்கு வேல இல்ல.

பொருள மட்டும் காட்டினாப் போதும்னு நான் சொல்றதா நெனச்சிக்காதீங்க. ஸ்விஃப்டுன்னு ஒரு குசும்புக்காரரு 1726-ல கலிவர் கதையில ஒரு ஊர எழுதினாரு. அங்க பெரிய படிப்பாளிங்க பேச்சே வேண்டாம்னு, சொல்ல வேண்டிய சாமானையெல்லாம் மூட்ட கட்டி முதுகுல தூக்கிக்கிட்டுத் திரிவாங்க. வழியில ரெண்டு பேரு சந்திச்சா மூட்டைய எறக்கி, சாமானக் காட்டிக் காட்டிப் பேசி, மறுபடி கட்டித் தூக்கிக்கிட்டுப் போவாங்க. நீங்களும் மொறம், தொடப்பம், அருவாமனைன்னு மூட்ட கட்டிக்கிட்டு பஸ்ஸுல வந்தா கண்டக்டரு லக்கேஜு டிக்கெட்டு போட்டுடுவாரு. பொருளு பத்தாது, அத வெச்சி ஒரு வேல வேணும். கொண்டா, வை, தொற, மூடு, ஊத்து, எங்க இருக்கு, யாருது, உடஞ்சி போச்சா. இந்த எட்டு பேச்சு இல்லாம எண்ணூறு பொருளத் தெரிஞ்சி என்னா பண்றது, ஏலம் போடறதா?

பிரபுன்னு ஒரு பெரியவரு, மெட்ராஸுல பிரிட்டிஷ் கவுன்சில்ல இருந்தவரு, 1979-லேருந்து 84 வரைக்கும் பெங்களூரு, மெட்ராஸு பக்கத்து சாதாரண பள்ளிக்கூடங்கள்ல இதச் செஞ்சி காட்டினாரு. வார்த்தப் பட்டியலும் இல்ல, இலக்கணப் பட்டியலும் இல்ல. ரயிலு டைம்டேபிளக் குடுத்து எந்த வண்டியப் புடிச்சா எப்போ போய்ச் சேரலாம்னு கணக்குப் போடச் சொல்லுவாரு, மேப்பக் குடுத்து வழி கேப்பாரு. புள்ளைங்க புத்தி முழுக்க வண்டியப் புடிக்கறதுலயே இருக்கும், இங்கிலீஷு பின்வாசல் வழியா உள்ள வந்திடும். உலகம் பூரா வாத்தியாருக்குப் படிக்கறவங்க அத இன்னிக்கும் ‘பெங்களூர் பிராஜக்ட்’னு படிக்கறாங்க. அது வளந்தது நம்ம மெட்ராஸு பெஞ்சிலயுந்தான்னு நமக்குத்தான் தெரியல.

சரி, பெரிய விசயமெல்லாம் இருக்கட்டும். இப்போ நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. தெருமொனையில கொழா ஒண்ணு வாசரு போயி சொட்டிக்கிட்டே கெடக்கு, பாத்திருப்பீங்க. நாளைக்கி காலையில புள்ளைங்கள அங்க கூட்டிக்கிட்டு வாங்க. பேரன் ஸ்பேனரு எடுத்துக்கிட்டு வருவான், வாளி நான் தரேன். டேப், வாட்டர், பக்கெட், வாசர், ஸ்பேனர். ‘பக்கெட்டக் கொண்டா’, ‘டேப்ப மூடு’, ‘இன்னும் ஒழுவுதா?’ன்னு இங்கிலீஷுலயே கேளுங்க, அதுங்க சொல்லும். எத்தினி நேரத்துல ஒரு வாளி நெறயுதுன்னு கணக்கும் போட்டுக்கங்க, கணக்கு பீரியடும் கழிஞ்சிடும். அப்புறம் எல்லாரையும் கையெழுத்துப் போடச் சொல்லி, வாசர மாத்தித் தரச் சொல்லி பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதிடுங்க. மனு தமிழ்லயே போதும்.